எலெக்ட்ரொனிக் பொப் சிங்கிள், வீடியோ, ரீமிக்ஸ்: கொழும்பிலிருந்து எட்டு வாரத்தில் வெளியிடுவது எப்படி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி இரவு பதினொன்றரைக்கு அழைத்தார். வீடியோ எடிட் முடிந்துவிட்டது, ஆனால் கடைசிக் கோரஸில் பாடகி நாலு தட்டு பிந்தித்தான் வாயைத் திறக்கிறார் என்றார். எடிட்டருக்கு நல்ல திட்டு. பிழை எடிட்டரிடம் இல்லை. ஷூட்டிங் முடிந்த பிறகு, "இழுக்கிற மாதிரி இருந்தது" என்று தம்பியே பாட்டிலிருந்து ஒரு பாரை, அதாவது நாலு தட்டை, வெட்டி எறிந்திருக்கிறார். அதே பாட்டை ரீமிக்ஸ் செய்ய இரண்டு பேருக்குப் பழைய ஃபைலும் போயிருந்தது. மூன்று வேலையும் மூன்று வெவ்வேறு பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கரைச்சல்களில் பாதிக்கு மேல் திறமைக் குறைவால் வருவதில்லை, வரிசை மாறுவதால் வருகிறது. அதனால் கீழே எண் போட்ட ஒழுங்கிலேயே போங்கள். இசையமைப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஒரு டெமோ இருக்கிறது, அதைக் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லப்டொப், நீங்கள் பழகிய இசை மென்பொருள், ஓரளவு நேர்மையான ஹெட்ஃபோன், ஒரு மைக், ஓடியோ இன்டர்ஃபேஸ். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பலர் மறப்பது வேறு மூன்று சாமான்.

முதலாவது, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று பழுதானால் மற்றது. மூன்றரை நிமிடப் பாட்டின் ஒரு ஸ்டீரியோ ட்ரக், 24 பிட் 44.1 கிலோஹேர்ட்ஸில் கிட்டத்தட்ட 56 எம்.பி. வரும். இருபது ட்ரக் என்றால் 1.1 ஜி.பி. வீடியோ அதைப்போலப் பல மடங்கு.

இரண்டாவது, அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கும் ஒரு வங்கிக் கணக்கு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது, கலைஞர் பெயர். ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று இன்றைக்கே முடிவெடுங்கள். ஒரு இடத்தில் ஒற்றை எழுத்து, இன்னொரு இடத்தில் இரட்டை எழுத்து என்று போட்டால் ஸ்பொட்டிஃபையில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். முதலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். சென்னையில் ஏற்கெனவே ஒருவர் அதே பெயரில் இருந்தால் உங்கள் பாட்டு அவருடைய பக்கத்தில் போய் விழும், திரும்ப எடுக்கக் கிழமைக் கணக்காகும்.

2. வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வெளியீட்டு நாளை முதலில் குறியுங்கள். உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெள்ளியில்தான் வருகின்றன, அதனால் வெள்ளி. அது போயா தினமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளப்பில் ஒரு வெளியீட்டு இரவு நடத்த நினைத்திருந்தால் போயாவில் மதுவும் இல்லை, பார்ட்டியும் இல்லை.

அங்கிருந்து பின்னே எண்ணினால், எட்டு வாரத்துக்கு முன் பாட்டு பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஏழாவது வாரத்தில் மிக்ஸ் (எல்லா ட்ரக்கையும் கலப்பது), மாஸ்டர் (வெளியிட ஆயத்தமான கடைசி ஃபைல்), ஸ்டெம் (குரல், தாளம் என்று தனித்தனியாக எடுத்த ஒலி ஃபைல்கள்). ஆறாவது வாரத்தில் ரீமிக்ஸ்காரர்களுக்கு ஸ்டெம் போகும், கையெழுத்துகள் முடியும். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஷூட்டிங். நான்காவது வாரத்தில் மாஸ்டரும் அட்டைப் படமும் விநியோகஸ்தரிடம் (ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை ஏற்றித் தரும் நிறுவனம்) போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஸ்பொட்டிஃபைக்குப் பாட்டை முன்வைப்பது.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இவ்வளவு அவகாசம். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாளுக்கு முன் ஸ்பொட்டிஃபையின் கலைஞர் பக்கத்தினூடாகப் பாட்டை அனுப்பினால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் அது வரும். வெளிவந்த பாட்டை அங்கே அனுப்ப முடியாது. "இன்றைக்கு ஏற்றி நாளைக்கு விடுவோம்" என்பவர்கள் இந்தக் கதவைத் தாங்களே சாத்துகிறார்கள்.

ஷூட்டிங் வெளியே என்றால் மழையையும் கணக்கில் எடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர மழை கிட்டத்தட்ட நிச்சயம், மே மாதமும் நம்ப முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது.

3. குரலை ஒழுங்காக எடுங்கள்

வீட்டில் எடுப்பதென்றால் இரவு பத்துக்குப் பிறகு எடுங்கள். பகலில் காகம், பாண் ஓட்டோவின் மணி இசை, பக்கத்து வீட்டு மிக்சி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில் வேறு. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசியையும்தான். வியர்க்கும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை எடுங்கள். அலுமாரியைத் திறந்து உடுப்புகளுக்கு நடுவில் மைக்கை வைத்தால் அறையின் எதிரொலி கணிசமாகக் குறையும்.

இனித் தமிழுக்கே உரிய ஒரு பிரச்சினை. எலெக்ட்ரொனிக் பொப்பில் மெட்டு நீண்ட ஸ்வரங்களை எதிர்பார்க்கும், நம் மொழியோ குறிலையும் நெடிலையும் வைத்துப் பொருள் சொல்லும். "மனம்" என்று எழுதிவிட்டு முதல் எழுத்தை இரண்டு தட்டுக்கு இழுத்தால் கேட்பவருக்கு "மானம்" என்றுதான் விழும். "கலை" "காலை" ஆகிவிடும். பாடகருக்கும் உங்களுக்கும் வரி தெரியும் என்பதால் உங்கள் காதுக்கு அது பிடிபடாது. வரி தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, ஒருமுறை கேட்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பிழைத்த இடங்களில் மெட்டை மாற்றாமல், நெடிலில் தொடங்கும் வேறு சொல்லைத் தேடுங்கள். சொல் மாற்றுவது இலேசு, மெட்டை மாற்றினால் கோரஸே ஆடிப்போகும்.

குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளைக் கடுமையாக வைத்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கரையும். அந்த எந்திரக் குரல் உங்கள் பாணியாக இருக்கலாம், தவறில்லை, ஆனால் கோரஸின் முக்கிய சொல்லில் மட்டும் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.

ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது மூன்று தரம் பாட வைத்து எல்லாவற்றையும் சேமியுங்கள். பிடிக்காதது என்று இன்று அழிக்கும் ஒன்றைத்தான் நாளைக்கு ரீமிக்ஸ்காரர் கேட்பார்.

4. பாட்டைப் பூட்டுங்கள்

பூட்டுதல் என்றால் நாலு விஷயம் இனி மாறாது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது: மொத்த நீளம், வேகம், பகுதிகளின் வரிசை, வரிகள். இதன் பிறகு சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், சின்தை (மின்னிசை வாத்தியத்தை) மாற்றலாம், ஆனால் ஒரு பாரைக்கூட வெட்டவோ சேர்க்கவோ கூடாது.

வேகம் பற்றி ஒரு சின்ன உபாயம். உங்கள் பாட்டு 120க்கும் 128க்கும் இடையில் எங்காவது இருந்தால் 125இல் வைக்கப் பாருங்கள். 125 பி.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 125 தட்டில், ஒரு தட்டு 0.48 வினாடி. வீடியோவை வினாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு தட்டு சரியாக 12 ஃப்ரேம், ஒரு பார் 48 ஃப்ரேம். எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு தட்டுக்குத் தட்டு வெட்டலாம். 120இல் ஒரு தட்டு பன்னிரண்டரை ஃப்ரேம் வரும், அரை ஃப்ரேமில் வெட்ட முடியாது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு வீடியோவில் மாரடித்த பிறகுதான் விளங்கியது.

பூட்ட முன் இரண்டு நாள் பாட்டைக் கேட்காமல் இருங்கள். அப்புறம் ஒரு ஓட்டோவின் பின்சீற்று ஸ்பீக்கரில், போனில், காதுக்குள் வைக்கும் மலிவு ஹெட்ஃபோனில் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறதோ, அந்த இடத்தை இப்போதே வெட்டுங்கள். நான் மேலே சொன்ன தம்பி வெட்டிய பார் உண்மையிலேயே வெட்ட வேண்டிய பார்தான். நேரம்தான் பிழைத்தது.

பூட்டிய ஃபைலின் பெயரில் திகதியையும் வேகத்தையும் போடுங்கள். "கடைசி", "உண்மையான கடைசி" என்ற பெயர்கள் வேண்டாம், நான்காவது கடைசியும் வரும்.

5. மிக்ஸ், மாஸ்டர்

இதை ஒரு பந்தியில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் புதியவர்கள் சறுக்கும் மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அடிநாதம். 40 முதல் 60 ஹேர்ட்ஸில் இருக்கும் பேஸ் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் கேட்கிறார்கள். பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டால் அதற்கு மேலே மேல்நாதங்கள் உண்டாகும், அந்தப் பேஸ் போனிலும் தெரியும்.

இரண்டு, மோனோ. ஒருமுறை முழுப் பாட்டையும் மோனோவில், அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலியாக, ஓடவிடுங்கள். அகலமாக்கிய சின்த் காணாமல் போனால் அந்த அகலம் பொய். கிளப் சிஸ்டம் பலவும் மோனோதான்.

மூன்று, சத்தம். ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புகிறது. இதைப் படித்துவிட்டுச் சிலர் மாஸ்டரையே மைனஸ் 14இல் நிறுத்துகிறார்கள், தேவையில்லை. நடனப் பாட்டு அதைவிடச் சத்தமாக இருப்பது வழக்கம், தளம் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் மைனஸ் 14ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் ட்ரூ பீக்கை (ஒலியின் உண்மையான உச்சத்தை) மைனஸ் 2 டெசிபெலுக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் ஃபைலைச் சுருக்கும்போது கிக் ட்ரம்மில் கரகரப்பு ஏறும்.

மாஸ்டரை வேறொருவரிடம் கொடுங்கள். உங்கள் காது அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே மரத்துப்போயிருக்கும்.

6. அதே நாளில் ஸ்டெம் எடுங்கள்

மிக்ஸ் முடிந்த அதே நாள், லப்டொப்பை மூட முன், ஸ்டெம்களை வெளியே எடுங்கள். ஒரு மாதம் கழித்து மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஒரு பிளகினின் உரிமம் காலாவதியாகியிருக்கும், அந்தக் கோரஸ் சின்த் திரும்ப அதே மாதிரி வராது. இது எனக்கே நடந்தது. நான் கொடுத்த ரீமிக்ஸ் பொதியில் மூலப் பாட்டின் முக்கிய சின்தே இல்லை, பிறகு மாஸ்டரிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

எல்லா ஸ்டெம்மும் பாட்டின் முதல் பாரிலிருந்து தொடங்க வேண்டும், அந்த வாத்தியம் மூன்றாவது நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும். முன்னால் வெறும் அமைதி இருக்கட்டும். அப்போதுதான் வாங்குபவர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டதும் தானாகப் பொருந்தும்.

24 பிட் வேவ் ஃபைல். மாஸ்டர் சனலில் இருக்கும் லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை அடக்கும் கருவியை) அணைத்துவிட்டு எடுங்கள். குரலை இரண்டு விதமாக எடுங்கள், எஃபெக்டோடு ஒன்று, உலர்ந்தது ஒன்று. எதிரொலி ஏறிய குரலிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். பக்கக் குரல்களைத் தனியாக எடுங்கள்.

அப்புறம் குரல் இல்லாத முழுப் பாட்டு ஒன்று, குரல் மட்டும் ஒன்று. முதலாவது மேடைக்கும் ரீல்ஸுக்கும் வேண்டும். கடைசியாக, எல்லா ஸ்டெம்மையும் ஒரு புதிய வெற்று ப்ரொஜெக்டில் போட்டு ஓடவிட்டுக் கேளுங்கள். அது உங்கள் மிக்ஸ் போலக் கேட்காவிட்டால் எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

7. காகித வேலை

கூட்டாளிக்குள் எதற்குக் காகிதம் என்று கேட்பவர்கள் பாட்டு ஓடினதும் கதைக்கும் கதை வேறு.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே பதிப்புரிமை வந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை. எழுதியவர் வாழும் காலமும் அதன் பிறகு 70 ஆண்டும் அது இருக்கும். யார் எழுதியவர் என்பதுதான் சண்டை. ஒரு தாளில் வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பீட் செய்தவர், பாடியவர் என்று பெயரும் சதவீதமும் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு ஒரு பங்கு, ஒலிப்பதிவுக்கு ஒரு பங்கு என்று இரண்டு பிரிவாக எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு உரிமை.

சாம்பிள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு வினாடி எடுத்து வேகத்தை மாற்றினால் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நம்பாதீர்கள், யூடியூப்பில் உரிமையுள்ள பாட்டைத் தானாகத் தேடிப் பிடிக்கும் கன்டென்ட் ஐடி, சுருதி மாறியதையும் பல நேரம் பிடிக்கிறது. நம் வாடை வேண்டுமென்றால் நீங்களே பதியுங்கள். செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறைக்குள் அனுமதி கேட்டுப் போய், தட்டாரின் சின்னச் சுத்தியல் ஒலியைப் போனில் பதிந்து ஹைஹட்டாகப் போட்ட ஒரு பாட்டு என்னிடம் இருக்கிறது. விலைக்கு விற்கும் எந்த லூப் (ஆயத்த இசைத் துணுக்கு) பொதியிலும் அந்தச் சத்தம் கிடைக்காது.

லூப் பொதியில் வாங்கிய குரலோ மெட்டோ பாட்டில் இருந்தால் கன்டென்ட் ஐடிக்குப் பாட்டைக் கொடுக்காதீர்கள். அதே லூப்பை உலகத்தில் ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். உங்கள் பாட்டு அவர்கள் எல்லோருடைய வீடியோவையும் உரிமை கோரத் தொடங்கும், பிறகு வரும் முறைப்பாட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

8. வீடியோ

இங்கேதான் காசு கரையும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அனுமதி முதலில். புகையிரதப் பாதையில் அல்லது நிலையத்தில் எடுக்கப் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் நடப்பதே குற்றம், ஆபத்தும்கூட. வெள்ளவத்தைக் கரையோரப் பாதையில் கடல் இரைச்சலுக்குள் ரயில் வரும் சத்தம் பிந்தித்தான் கேட்கும். ட்ரோன் என்றால் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும். கோட்டைப் பகுதியில் உயர் பாதுகாப்பு இடங்கள் நெருக்கமாக இருக்கின்றன, அங்கே கமராவைத் தூக்குவதற்கு முன் அருகிலுள்ள பொலிஸில் சொல்லிவிடுங்கள். போர்ட் சிட்டி, கடைத்தொகுதி, நட்சத்திர ஹோட்டலின் மொட்டைமாடி எல்லாம் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியோடுதான். வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி ஐயாவுக்கு "மேலே கதைத்தாச்சு" என்ற பேச்செல்லாம் சரிவராது, கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

புறக்கோட்டையின் பலகை வெளிச்சங்கள், கொம்பனித்தெருவின் ஒழுங்கைகள், பேரை வாவியில் விழும் தாமரைக் கோபுரத்தின் ஒளி, எலெக்ட்ரொனிக் பாட்டுக்கு இவையெல்லாம் வடிவாகப் பொருந்தும். ஆனால் இரவு வெளிச்சத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட் வினாடிக்கு 100 தரம் மினுங்கும். கமரா 30 ஃப்ரேமிலும் ஷட்டர் 1/60இலும் இருந்தால் பின்னால் இருக்கும் கடை முழுக்க வீடியோவில் துடிக்கும். எடுக்கும்போது சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்ததும் தலையில் கை வைப்பீர்கள். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. போனில் எடுத்தாலும் இவற்றைப் பூட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்.ஈ.டி. பலகைகள் தனிக் குணம் உள்ளவை, அந்த இடத்திலேயே பத்து வினாடி எடுத்து லப்டொப்பில் போட்டுப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, ஏசி வாகனத்திலிருந்து கமராவை நேரே வெளியே எடுக்காதீர்கள். கொழும்பின் ஈரக் காற்றில் லென்ஸ் உடனே புகை பிடித்த மாதிரி ஆகிவிடும், துடைத்தாலும் திரும்ப வரும். இருபது நிமிடத்துக்கு முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

வாயசைவுக்குப் பூட்டிய பாட்டையே ஓடவிடுங்கள். அதன் முன்னால் ஒரு பார் கிளிக் சத்தம் சேர்த்த தனிப் பிரதி ஒன்று வேண்டும், பாடகர் எங்கே தொடங்குவது என்று அறிய. ஸ்பீக்கரைக் கேபிளில் இணையுங்கள், புளூடூத்தில் சத்தம் பிந்தும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் பிந்தாது. கமராவின் மைக்கும் பதியட்டும், எடிட்டர் அந்தச் சத்தத்தைப் பார்த்துத்தான் பொருத்துவார். பாடகர் சும்மா வாயசைக்கக் கூடாது, உண்மையாகவே சத்தமாகப் பாட வேண்டும். கழுத்து நரம்பு பொய் சொல்லாது.

மெதுவாக ஓடும் காட்சியில் வாயசைவு வேண்டுமென்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 50 ஃப்ரேமில் எடுங்கள், 25இல் போடும்போது பொருந்தும். வேகம் கூடினால் தமிழ் வரிகள் நாக்கைச் சுளுக்கும், அதனால் கோரஸில் ஒன்றிரண்டு வரிக்கு மட்டும் செய்யுங்கள்.

கலைய முன் செங்குத்தாகச் சில காட்சிகள் எடுங்கள். ஸ்பொட்டிஃபையில் பாட்டுக்குப் பின்னால் சுழலும் சின்ன வீடியோ 3 முதல் 8 வினாடி, 9:16 அளவு. டிக்டொக்குக்கும் அதே அளவு. அகலமான காட்சியை வெட்டிச் செங்குத்தாக்கினால் பாடகரின் பாதி முகம்தான் மிஞ்சும்.

எடிட் முடிந்ததும் எடிட்டர் பயன்படுத்திய எம்.பி.3ஐ எடுத்துவிட்டு மாஸ்டர் வேவ் ஃபைலை வைக்கச் சொல்லுங்கள். இதை மறந்தவர்களின் வீடியோக்கள் யூடியூப்பில் நிறையவே இருக்கின்றன.

9. ரீமிக்ஸ்

எத்தனை பேரிடம் கேட்பது? இரண்டு அல்லது மூன்று. ஆறு பேரிடம் கேட்டு ஆறும் ஒரே கிக்கில் வந்த கதை எனக்குத் தெரியும். ஒவ்வொரு ரீமிக்ஸும் எங்கே, யார், எப்போது கேட்பது என்று சொல்ல முடிய வேண்டும். கிளப்புக்கு ஒன்று, இரவு மழையில் பஸ்ஸில் போகும்போது கேட்க மெதுவான ஒன்று, நம் ஊர்த் தாளத்தில் ஒன்று என்று பிரியுங்கள்.

வேகத்தைப் பற்றி முதலிலேயே கதையுங்கள். 125இல் பாடிய குரலை 115க்கும் 135க்கும் இடையில் நகர்த்தலாம், பெரிதாகக் கெடாது. ட்ரம் அண்ட் பேஸின் 174க்கு இழுத்தால் குரல் சிதையும், கேட்டு மாற்றுங்கள். பைலா ரீமிக்ஸ் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பைலா ஆறு எட்டுத் தாளத்தில் ஆடுவது, உங்கள் குரல் நாலு நாலு தாளத்தில் இருக்கிறது. இழுத்து நீட்டிப் பொருத்தினால் சொற்கள் தாளத்தில் நொண்டும். பாடகரை அரை மணி நேரம் கூப்பிட்டு அந்தத் தாளத்தில் திரும்பப் பாட வையுங்கள், அதுதான் வேலையைக் குறைக்கும்.

பொதியில் ஸ்டெம், வேகம், சுருதி, கடைசித் திகதி, ஒப்பந்தம், அதோடு வரித் தாள். வரிகளின் பொருளை ஒவ்வொரு அடிக்கும் கீழே எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள். எங்கள் பாட்டு ஒன்றின் கோரஸ் "போகாதே" என்று முடியும், கெஞ்சுகிற வரி. தமிழ் தெரியாத, ஆனால் மிகவும் கெட்டிக்காரரான ஒருவர் ரீமிக்ஸ் செய்தார். முதல் எழுத்தின் சத்தம் அவருக்குப் பிடித்துப்போய் அதை வெட்டி ட்ரொப்பில் (தாளம் வெடித்து வரும் இடத்தில்) போட்டுவிட்டார். முழுப் பாட்டும் போகாதே என்று அழுகிறது, ட்ரொப் வந்ததும் "போ போ போ போ" என்று துரத்துகிறது. அனுப்பியதைக் கேட்டு நாங்கள் அரை மணி நேரம் சிரித்தோம், பிறகுதான் அதைத் திருத்தக் கேட்பது எப்படி என்று யோசித்தோம். அன்றிலிருந்து வரித் தாளில் உடைக்கக் கூடாத சொற்களைச் சிவப்பில் காட்டுகிறோம். எதிர்மறைச் சொல் எல்லாம் சிவப்புத்தான், தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் இருக்கிறது, வாலை வெட்டினால் ஆமாம் ஆகிவிடும்.

இரண்டு வாரத்தில் பாதி வேலையைக் கேட்டு வாங்குங்கள். முழுதும் முடித்தவரிடம் "பிடிக்கவில்லை" என்று சொல்வது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

கிளப் ரீமிக்ஸை இரண்டு நீளத்தில் வாங்குங்கள். டி.ஜேக்கு முன்னால் 16 பார் வெறும் தாளம் வேண்டும், அடுத்த பாட்டோடு கலக்க. 125இல் அது கிட்டத்தட்ட 31 வினாடி. ஸ்பொட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. வீட்டில் கேட்பவர் முழு 31 வினாடியும் கிக்கைக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டார், போய்விடுவார். ஆகவே நீண்டது டி.ஜேக்கு, குறுகியது கேட்பவருக்கு.

ஒப்பந்தத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். ரீமிக்ஸ் ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், அவருக்கு ஒரே தரமாகக் காசா அல்லது பங்கா, அவர் தன் பக்கத்தில் தனியாக ஏற்றலாமா. பாட்டை எழுதியவர்களின் பங்கு ரீமிக்ஸில் மாறாது, அதையும் எழுதிவிடுங்கள்.

10. பதிவேற்றம்

விநியோகஸ்தரிடம் மாஸ்டர் வேவ் ஃபைலும், 3000க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப் படமும் போக வேண்டும். படத்தில் இணைய முகவரி, சமூக வலைத்தளச் சின்னம், போன் நம்பர் எதுவும் இருக்கக் கூடாது, திருப்பி அனுப்புவார்கள்.

மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தெரிவு செய்யுங்கள். பலர் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள், பிறகு தமிழ்ப் பிளேலிஸ்டில் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். தலைப்பைத் தமிழ் எழுத்தில் போடுவதா ஆங்கில எழுத்தில் போடுவதா என்று கேட்டால், நான் ஆங்கில எழுத்தில்தான் போடுவேன். சிங்கள நண்பர்களும் கனடாவில் பிறந்த பிள்ளைகளும் அப்படித்தான் தேடுவார்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் அடைக்காதீர்கள், அதுவும் திரும்பி வரும்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைக்கும், எழுத்தும் இலக்கமுமாக 12. மூலப் பாட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு ரீமிக்ஸுக்கும் தனித்தனி, நீண்ட வடிவத்துக்கும் தனி. எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள்.

11. வெளியீட்டு நாள்

வீடியோவை மூன்று நாளுக்கு முன்பே யூடியூப்பில் தனிப்பட்டதாக ஏற்றிவிடுங்கள். உங்கள் சொந்த விநியோகஸ்தரே உங்கள் வீடியோவுக்கு உரிமை கோரக்கூடும், கன்டென்ட் ஐடியில் உங்கள் சனலை விலக்குப் பட்டியலில் சேர்க்காவிட்டால் அது நடக்கும். எங்களுக்கு நடந்தது, அதுவும் ப்ரீமியர் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. முதலே தெரிந்திருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை.

ப்ரீமியர் நேரம் வெள்ளி இரவு 7.30 நல்லது. இங்கே வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள், இலண்டனில் பகல் இரண்டு அல்லது மூன்று மணி, டொரொன்டோவில் காலை ஒன்பது அல்லது பத்து. நம் ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அவுஸ்திரேலியாக்காரர்கள் நித்திரை, அவர்களுக்குக் காலையில் ஒரு வட்ஸ்அப் போடுங்கள்.

12. காசும் ரீமிக்ஸ் வெளியீடும்

விநியோகஸ்தரைத் தெரிவு செய்ய முன், இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியில் காசு அனுப்புவார் என்று பாருங்கள். மற்ற நாட்டவர்கள் சொல்லும் வழி எல்லாம் இங்கே வேலை செய்யாது. பெயர் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் காசு நடுவழியில் நிற்கும். யூடியூப் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்புங்கள், நிரப்பாவிட்டால் அங்கிருந்து வரும் வருமானத்தில் மட்டுமல்ல, உலகம் முழுக்க வரும் வருமானத்திலும் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு. ரீமிக்ஸ் எண்ணிக்கையை இரண்டு மூன்றுக்குள் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு ரீமிக்ஸும் அந்த 1000ஐத் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்.

ரீமிக்ஸ்களை மூலப் பாட்டோடு ஒரே நாளில் விடாதீர்கள். மூன்று வாரம் கழித்து, ஆட்கள் வரியை முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு விடுங்கள். அப்போது மூலப் பாட்டையும் அந்தத் தொகுப்பிலேயே முதலாவதாகச் சேருங்கள், அதே ஃபைல், அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணோடு. அப்போதுதான் பழைய கேட்பு எண்ணிக்கை புதுத் தொகுப்பிலும் தொடரும், புது எண் போட்டால் பாட்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். எண்ணைக் கையால் தட்டாதீர்கள், அட்டவணையிலிருந்து கொப்பி செய்து ஒட்டுங்கள். பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ விழுந்து, ஒரு மாதம் ஏன் சேரவில்லை என்று தேடியவன் நான்.